52 டிகிரியும் 9100-ஆம் ஆண்டும்: ஜிலிப்சியா, மஸலா?

குலசேகரத்தில் மாமா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற அறையில், வெப்பத்தைப் பதிய ஒரு பழைய 32-பிட் ஆர்ம் (ARM) சில்லு போர்டை மாட்டிக் கொடுத்திருந்தேன். போர்டு 64-பிட் என்றால், நிரல்களுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நிற்கிற சி லைப்ரரியாக ஜிலிப்சியா (glibc) மஸலா (musl) என்ற இந்த அலசலே வேண்டாம். 32-பிட்டில்தான் வம்பு: 1970-இலிருந்து ஓடுகிற நொடிகளை 4 பைட்டில் எண்ணினால், 2038 ஜனவரி 19 காலை 8:44:07 (நம் நேரம்) தாண்டியதும் தேதி 1901-க்குப் போய்விடும்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 5.1 (2019) 32-பிட் இயந்திரங்களுக்கும், நிரல்கள் அதனிடம் நேரம் கேட்கிற 64-பிட் அழைப்புகளைக் கொடுத்துவிட்டது. மீதி சி லைப்ரரியின் பாடு. மஸல் 1.2 (2020) யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் 64-பிட் ஆக்கியது. ஜிலிப்சி 2.34 (2021) பழையதையே வைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் கம்பைல் செய்யும்போது (மூலநிரலை ஓடுகிற நிரலாக மாற்றும்போது) கேட்டு வாங்கிக்கொள் என்றது.

அந்த 'வேண்டுமென்றால்' என்னைப் படுத்திய பாடு! என் நிரலை 64-பிட் நேரத்தோடு கம்பைல் செய்தேன். சென்சாரோடு வந்த லைப்ரரியோ 4 பைட்டில் செய்தது, மூலநிரலும் கிடையாது. அது நேரத்தை 4 பைட்டிலும் அடுத்த 4 பைட்டில் வெப்பத்தையும் எழுத, என் நிரல் எட்டையும் சேர்த்து நேரம் என்று படித்தது. ஒரு டிகிரிக்கு 136 வருஷம் கூடும், அறையில் 52 டிகிரி, ஆண்டு 9100-ஐத் தாண்டிவிட்டது. கம்பைலரும், துண்டுகளை இணைக்கிற லிங்கரும் மூச்சுவிடவில்லை. "மக்களே, அப்ப ஷீட்டு என்ன விலைக்குப் போவும்?" என்றார் மாமா.

பராமரிப்பு என்று பார்த்தால் இதுதான் எனக்கு முடிவு சொன்னது. ஜிலிப்சியில் ஒவ்வொரு லைப்ரரியும் எப்படிக் கம்பைல் ஆனது என்று கடைசிவரை நாமே துருவிக்கொண்டிருக்க வேண்டும். டெபியன் 13-இல் (2025) இதற்காகவே 32-பிட் ஆர்ம் தொகுப்புகளை மறுபடி கம்பைல் செய்தார்கள். மஸலுக்கு மாறியதும், ஜிலிப்சிக்கென்று செய்த அந்த சென்சார் லைப்ரரி ஏறவே இல்லை. ஏறாமல் போனதே நல்லது, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து சென்சாரை நேரடியாகப் படிக்கிற மாதிரி எழுதிவிட்டேன்.

மஸலிலும் ஒரு குழி உண்டு. பழைய கெர்னல் 'அப்படி ஓர் அழைப்பே இல்லை' என்றால் அது பழைய அழைப்புக்கு இறங்கிவிடும். ஆனால் பழைய கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டுகிற உறை) ஓட்டியபோது, எந்த அழைப்பை விடலாம் என்று பார்க்கிற காவல் வடிகட்டி 'அனுமதி இல்லை' என்று சொல்ல, அதை மஸல் நிஜமான மறுப்பாக எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. வடிகட்டியைப் புதுப்பித்தபின் சரி.

எல்லாம் இரண்டு சின்ன போர்டு அனுபவம்தான். விலைக்கு வாங்கிய, ஜிலிப்சியை நம்பி வந்த பெரிய மென்பொருள் இருந்தால் என் கதை உங்களுக்குப் பொருந்தாது. அப்புறம், 4 பைட் நேரத்தோடு எழுதி வைத்த பழைய பதிவுக் கோப்புகளை எந்த லைப்ரரியும் மாற்றித் தராது, அதற்கு முப்பது வரியில் தனி நிரல் எழுத வேண்டியிருந்தது.