6 பெண் எலி, 14 நாள், ஒரு ரிப்போர்ட்

கும்பகோணம் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து சித்த மருந்து செய்கிறோம். சூரணமும் குடிநீர்ப் பொடியும் போட்டுக்கொண்டிருந்த நாங்கள் நிலவேம்புச் சாற்றை மாத்திரையாகப் போட இறங்கினோம். மொத்தமாக வாங்குகிறவர் முதலில் கேட்டதே டாக்சிசிட்டி ரிப்போர்ட்தான், அதாவது மருந்தை எலிக்குக் கொடுத்து நச்சுத்தன்மை உண்டா என்று பார்த்த அறிக்கை. அதனால் டெல்டாவிலேயே இருக்கிற ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். பெயர் வேண்டாம். 5-க்கு 3 ஸ்டார் தருவேன், அந்த மூன்றுமே எலி அறைக்காரர்களுக்கு.

நல்லதை முதலில் சொல்கிறேன். பொடியை வாங்கும்போதே செடியின் அடையாளச் சான்று எங்கே என்று கேட்டார்கள். பூவோடு ஒரு செடியைச் செய்தித்தாளில் அழுத்தி எடுத்துக்கொண்டு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய செடிகளைப் பாதுகாத்து அடையாளம் சொல்லும் இடம்) அலைந்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் கேட்டது நியாயம்தான். எங்கள் பக்கம் நிலவேம்பும் சிறியாநங்கையும் ஒன்று, வேறு ஊரில் அந்தப் பேரில் வேறு எதையாவது கொடுப்பார்கள்.

எலி அறைக்குள் விடமாட்டார்கள், கதவில் உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூண்டில் நம்ம ஊர் நெல் உமிதான் மெத்தை. வயலில் கிட்டி வைத்து எலி பிடித்த ஊர்க்காரனுக்கு, ஒரு வெள்ளை எலியைப் பிடரியில் அவ்வளவு பதமாகப் பிடிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. முதுகில் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் பொட்டு, அதுதான் அடையாளம். முனை உருண்ட ஊசியை வாய் வழியாக இரைப்பைக்கு இறக்கி, 200 கிராம் எலிக்கு 400 மில்லிகிராம் சாறு, 2 மில்லியில் கலக்கி, இரண்டு மூச்சில் முடித்துவிட்டார் அந்தத் தம்பி. முந்தின ராத்திரியே தீனியை எடுத்துவிடுவார்களாம், தண்ணீர் மட்டும் இருக்கும்.

முறை ஓஇசிடி 423, அதாவது ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிகாட்டி. கிலோவுக்கு 2000 மில்லிகிராம் என்ற உச்ச அளவை ஒரே ஒரு தடவை முதலில் 3 எலிக்கும், அவை பிழைத்த பிறகு இன்னும் 3 எலிக்கும் கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். எங்கள் 6-ம் பிழைத்தன, எடையும் கூடியது.

அலுவலகப் பக்கம்தான் சொதப்பல். ஆறு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் எலியைத் தொடக்கூடாது என்பது சரி, ஆனால் அந்தக் குழு எப்போது கூடும் என்பதைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே? வந்த ரிப்போர்ட்டில் மூன்றாவது அட்டவணையின் தலைப்பில் கீழாநெல்லி! யாருடைய ரிப்போர்ட்டிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். போன் போட்டால் ‘டைப்பிங் மிஸ்டேக் சார்’. திருத்தி வாங்க இன்னும் பத்து நாள்.

இதைவிடப் பெரிய குறை, ரிப்போர்ட் எதைச் சொல்லவில்லை என்று ஒருத்தரும் விளக்கவில்லை. எங்கள் அண்ணன் 2000-ஐ ஒரு ஆளின் எடையான 60 கிலோவால் பெருக்கி, ‘120 கிராம் தின்றாலும் ஒன்றும் ஆகாதுடா’ என்றார். எலி அளவை மனிதனுக்கு மாற்றும்போது முதலில் 6.2-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 19 கிராம்தான் வரும். அதுவும் ஒரு வேளைக்கு. நாங்களோ ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லி விற்கப்போகிறோம்.

அப்புறம், இந்தச் சோதனைக்கு வழக்கமாகப் பெண் எலிகளைத்தான் எடுப்பார்கள். நிலவேம்பில் கேள்வி எழுந்ததே ஆண் எலியில். 1990-இல் திருச்சி ஆய்வாளர்கள் இலைப் பொடியை 60 நாள் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி நின்றதாக எழுதினார்கள். 1997-இல் வேறொரு குழு உலர்சாற்றை 60 நாள் கொடுத்துப் பார்த்து, விரைகளுக்குப் பாதிப்பில்லை என்றது. எது எங்கள் சாற்றுக்குப் பொருந்தும் என்பதற்கு 6 பெண் எலிகளிடம் பதில் கிடையாது. இதை எனக்குச் சொன்னது ஆய்வகம் இல்லை, சித்தா படிக்கிற அத்தை பெண்.

‘பக்கவிளைவு அற்றது’ என்று லேபிள் அடிக்கக் கொடுத்திருந்ததை நிறுத்திவிட்டேன், அண்ணன் மூன்று நாளாகப் பேசவில்லை. தினமும் மருந்து கொடுத்துப் பார்க்கும் 28 நாள் சோதனைக்கு ஆணும் பெண்ணுமாகக் குறைந்தது 40 எலி வேண்டும், கொட்டேஷன் வந்திருக்கிறது. அதே ஆய்வகத்தில்தான் கொடுப்பேன், அந்தத் தம்பியின் கைக்காக. ஆனால் குழு கூடும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டுதான் முன்பணம்.