காலி ஐடி, ரிசர்வ் ஐடி என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்: என் 180 டாலர் போய்விட்டது

கோபம் அடங்குவதற்கு முன்பே எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். 180 டாலர். ஐந்து இலக்க எண் ஒன்றுக்காகக் கொடுத்தது. இப்போது எண்ணும் இல்லை, பணமும் இல்லை.

ஆன்லைன் கேம் ஆடுகிறவர்களுக்கு இந்த ஆசை புரியும். இன்றைக்குச் சேர்கிறவருக்கு ஒன்பது பத்து இலக்கத்தில் யூசர் ஐடி விழுகிறது. ஆரம்பத்திலேயே வந்தவர்களிடம் நான்கு, ஐந்து இலக்கம் இருக்கும். சின்ன எண்ணைப் பார்த்தாலே 'பழைய ஆள்' என்று ஒரு மரியாதை. இந்தப் பைத்தியம் புதிதும் இல்லை. 1996இல் வந்த ஐசிக்யூ என்ற சாட் மென்பொருளிலேயே ஐந்தாறு இலக்கப் பயனர் எண்களைத் திருடி விற்றிருக்கிறார்கள்.

கேம் அக்கவுண்ட்டுகள் கைமாறும் ஒரு சந்தைத் தளத்தில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "இதுவரை யாரும் பயன்படுத்தாத ஐடி. நிறுவனம் ஒதுக்கி வைத்தது. உங்களுக்காகத் திறந்து தருகிறோம்." புகார் இன்னும் முடியவில்லை, அதனால் தளத்தின் பெயரையும் கேமின் பெயரையும் இங்கே போடவில்லை.

ரிசர்வ் ஐடி என்பது முழுக் கட்டுக்கதை இல்லை, வில்லங்கமே அங்கேதான். பல கேம்களில் புது அக்கவுண்ட் திறக்கும்போது டேட்டாபேஸ் தானாகவே அடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கும். பதிவு பாதியில் தோற்றுப்போனால் எடுத்த எண் பொதுவாகத் திரும்பிப் போகாது, வரிசையில் ஒரு ஓட்டை விழும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தெரிந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தொடக்கத்தில் உள்ள சில எண்களை நிர்வாகத்துக்கும் சோதனை அக்கவுண்ட்டுகளுக்கும் வைத்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் அக்கவுண்ட்டை அழித்துவிட்டுப் போனாலும் அந்த எண்ணை இன்னொருவருக்குத் தருவது அபூர்வம், ஏனென்றால் நட்புப் பட்டியல், வாங்கிய பொருட்கள், தடை விவரம் எல்லாமே அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கும். ஆக, காலி எண்கள் இருக்கின்றன. ஆனால் சர்வருக்கு உள்ளே கை வைக்காமல் அவற்றை யாருக்கும் திறந்து கொடுக்க முடியாது. விற்றவர் முதல் பாதியை மட்டும் அழகாக விளக்கினார்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். அவர் ஸ்க்ரீன்ஷாட் காட்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். பிரவுசரிலேயே பக்கத்தில் உள்ள எண்ணை நொடியில் மாற்றிப் படம் பிடிக்கலாம் என்பது தெரிந்ததுதானே. அவர் காட்டவே இல்லை. "என்னை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த கேமில் புரொஃபைல் முகவரியின் கடைசியில் ஐடி வரும். அவர் சொன்ன எண்ணைப் போட்டேன்: "இப்படி ஒரு பயனர் இல்லை." முந்தின எண்ணைப் போட்டால் ஒருவர் இருக்கிறார், அடுத்ததிலும் ஒருவர் இருக்கிறார். இவர் சொன்னது மட்டும் காலி. என் கையால் தட்டி, என் கண்ணால் பார்த்தது. அப்புறம் என்ன சந்தேகம் வரும்?

அந்த கேமில் புரொஃபைலை மறைத்து வைத்தாலும் இதே வாசகம்தான் வருகிறது! வெளியாட்கள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று நோட்டம் விடக்கூடாது என்பதற்காகப் பல தளங்கள் வேண்டுமென்றே இரண்டுக்கும் ஒரே பதிலை வைத்திருக்கின்றன. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு, இந்த ஆளுக்கு வசதியாகப் போனது. அது காலி எண்ணே இல்லை. யாரோ ஒருவரிடமிருந்து திருடிய பழைய அக்கவுண்ட், மறைத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

180 டாலரையும் அந்தச் சந்தைத் தளத்திலேயே கட்டினேன். நாம் 'பெற்றுக்கொண்டேன்' என்று அழுத்தும் வரை பணத்தைத் தளம் பிடித்து வைத்திருக்குமாம், பெரிய பாதுகாப்பு! பாஸ்வேர்ட் வந்தது, உள்ளே போனேன், எண் சரியாக இருந்தது. நண்பர்கள் இல்லை, பொருட்கள் இல்லை, துடைத்து வைத்திருந்தார்கள். சேர்ந்த தேதி மட்டும் பல வருடத்துக்கு முந்தையது. கேட்டேன். "ரிசர்வ் ஐடியை நிறுவனம் அன்றைக்கே உருவாக்கி வைத்துவிடும், அந்தத் தேதிதான் காட்டும்" என்று கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது. சீக்கிரம் உறுதி செய்யாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகிவிடும் என்று அவசரம் வேறு. அழுத்தினேன். பாஸ்வேர்டையும் ஈமெயிலையும் உடனே மாற்றிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் உள்ளே போக முடியவில்லை. உண்மையான சொந்தக்காரர் முதன்முதலில் பதிவு செய்த ஈமெயிலைக் காட்டி மீட்டுக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் பொருள் அவருக்குக் கிடைத்தது.

விற்றவரிடம் கேட்டால் முதலில் "சர்வர் பராமரிப்பு" என்றார். பிறகு "நீங்கள் வேறு போனில் திறந்ததால் பூட்டிக்கொண்டது" என்றார். அதற்கும் பிறகு, 40 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் இதைவிடச் சின்ன எண் தருவாராம். திட்டினேன், ப்ளாக் செய்துவிட்டார். சந்தைத் தளத்தின் சப்போர்ட்டோ, "நீங்கள் டெலிவரியை உறுதி செய்துவிட்டதால் பரிவர்த்தனை நிறைவடைந்தது" என்றது. விற்றதே திருட்டுப் பொருள் என்று ஆதாரத்தோடு எழுதினேன். அதே பத்தி, கீழே வேறு ஊழியர் பெயர், கூடவே "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" 180 டாலரை விழுங்கிவிட்டு நட்சத்திரம் கேட்கிறார்கள்.

கேம் நிறுவனத்திடம் போனேன். வேறொரு பயனரின் அக்கவுண்ட் பற்றிப் பேச இயலாதாம். அக்கவுண்ட் வாங்குவது விதிமீறல் என்று என்னுடைய சொந்த அக்கவுண்ட் மேல் ஒரு எச்சரிக்கையும் போட்டுவிட்டார்கள். விதியில் அப்படித்தான் இருக்கிறது, சரி. விற்றவன் மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கார்டு நிறுவனமும் டெலிவரி உறுதியானதைக் காட்டிக் கையை விரித்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புரொஃபைல் பக்கம் காலியாக வந்தால் எண் காலி என்று அர்த்தமில்லை. புது ஐடி என்று சொல்லிப் பழைய தேதி காட்டினால் அது திருட்டு. ஈமெயிலை மாற்றிவிட்டால் அக்கவுண்ட் நம்முடையதாகிவிடும் என்று நினைக்காதீர்கள், முதல் ஈமெயில் யாரிடம் இருக்கிறதோ அவர் மீட்கலாம். அவசரப்படுத்தினால் 'பெற்றுக்கொண்டேன்' பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அந்த அக்கவுண்ட்டில் உங்கள் கார்டு விவரம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.