நெபுலைசரா, ஸ்பேசரா? இழுப்பு வரும் பிள்ளைக்கு வீட்டில் எது?

பிள்ளைக்கு அடிக்கடி இழுப்பு வருகிறது என்றதும் சொந்தக்காரர்கள் சொல்வது, "ஒரு நெபுலைசர் வாங்கிப் போடு மக்களே" என்பதுதான். மருந்துத் திரவத்தைப் பனிபோல ஆக்கி மூச்சில் தரும் மெஷின் அது. நாங்கள் இன்ஹேலரும் (அழுத்தினால் மருந்து வரும் பம்ப்), அதன் வாயில் மாட்டும் பிளாஸ்டிக் குழலான மாஸ்க் வைத்த ஸ்பேசரும் வாங்கினோம். இன்றும் அதையே சொல்வேன்.

ஸ்பேசர் விலை குறைவு, பையில் அடங்கும், சத்தமில்லை. பெரும்பாலான நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு நம் கன்னியாகுமரி மாவட்டம் நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததை நினைத்தால் போதும்.

"பம்ப் பழகிரும் மக்களே" என்று ஆச்சிமார் பயப்படுவார்கள். இரண்டிலும் போவது பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சால்பூட்டமால் மருந்துதான். பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். நெபுலைசரில் ஊற்றும் சின்னக் குப்பியில் 2.5 மில்லிகிராம், அதாவது 25 மடங்கு. அதில் பெரும்பகுதி காற்றோடு போகிறது என்பது வேறு விஷயம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. நெபுலைசரின் மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் ஒவ்வொரு தடவையும் கழுவி, ஈரமே இல்லாமல் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் கிருமி வளரும். அடுத்த தடவை அது ஆவியோடு நேராக நெஞ்சுக்குள் போகும். ஃபில்டரையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். குலசேகரம் பக்கம் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கொடியில் போட்ட பனியனே காயாத நாளில், நடுராத்திரி இருமும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிண்ணம் கழுவுகிறவர் யார்? இழுப்பு கூடுவதும் பெரும்பாலும் அதே மழைக்காலத்தில்தான்.

ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, அப்படியே நிமிர்த்தி வைத்தால் சரி. துணியால் துடைக்கவே கூடாது. தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப்பை நன்றாகக் குலுக்கி, ஒரே ஒரு அழுத்து, மாஸ்க்கை முகத்தோடு ஒட்டிப் பிடித்து ஐந்தாறு மூச்சு. அடுத்த அழுத்து வேண்டுமென்றால் திரும்பவும் குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு நான் போட்டதில்லை. அங்கே டாக்டர் சொல்வதே பேச்சு. லேசான, நடுத்தர இழுப்புக்கு ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்று ஆய்வுகள் சொல்கின்றன. கடுமையான இழுப்பு வேறு கதை. அங்கே ஆக்சிஜனோடு நெபுலைசர் வைப்பது ஆஸ்பத்திரி வேலை. விலா எலும்புக்கிடையே சதை உள்ளே இழுத்தாலும், பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினாலும், உதடு நீலம் பூத்தாலும் வீட்டில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை டாக்டர் எழுதித் தந்த அளவில் பம்ப்பைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.