யாழ்ப்பாணத்தில ரெனிஸ் பழக நினைக்கிற ஆக்களுக்கு: நான் போற வகுப்பு

யாழ்ப்பாண டவுனுக்குக் கிட்ட பின்னேரத்தில நடக்கிற ஆரம்ப ரெனிஸ் வகுப்பு ஒண்டுக்கு நானும் அக்கான்ர மகளும் போறம், அவள் சின்னாக்களோட, நான் பெரியாக்களோட. ஒண்டுமே தெரியாமல் போற ஆளுக்கு இது சரியான நல்ல வகுப்பு எண்டு அடிச்சுச் சொல்லுவன். ஏனெண்டால் அங்க இருக்கிற சேர் ஒருத்தரையும் எடுத்த உடன உரத்து அடிக்க விடமாட்டார்.

இஞ்ச கனபேர் பட்மின்ரன் விளையாடிப்போட்டு வாறாக்கள். அந்த றக்கெற் 90 கிராம் அளவு, கொக் 5 கிராம் அளவு, மணிக்கட்டைச் சுண்டினாலே காணும். ரெனிஸ் றக்கெற் 300 கிராமுக்குக் கிட்ட வரும், பந்து 56 கிராமுக்குக் குறையாது, அதையும் சுண்டி அடிக்க வெளிக்கிட்டால் பந்து வேலிக்கு அங்கால போகும், கையும் நோகும். அதால முதல் வேலையே கிரிப், அதாவது றக்கெற்றைப் பிடிக்கிற விதம்தான். பிடியில எட்டுப் பட்டை இருக்கெல்லோ, சேர் மூண்டாம் பட்டையில பேனையால ஒரு கோடு கீறி விடுவார், ஆள்காட்டி விரலின்ர அடிமொளி அந்தக் கோட்டில இருக்கவேணும், அதுதான் ஈஸ்ரேண் போர்ஹாண்ட் கிரிப், வலக்கைப் பக்கம் வாற பந்தை அடிக்கிற பிடி. அடிச்சு முடிய முடிய "கோட்டைப் பாருங்கோ, கோட்டைப் பாருங்கோ" எண்டு சத்தம் வரும்.

பிறகும் முழு மைதானத்தில விளையாட்டு இல்லை. ரெண்டு பக்கமும் வலைக்குக் கிட்ட இருக்கிற சேர்விஸ் பொக்ஸ் எண்ட கட்டத்துக்குள்ள நிண்டு சிவப்புப் பந்தால அடிக்கிறது, அது சாதாரண பந்தைவிட 75 வீதம் மெதுவா வரும். பெரியாக்களுக்கும் அதேதான், சிலபேருக்கு ரோசம் வருது, ஆனா அந்த மெதுவுக்குள்ளதான் முழு விசயமும் கிடக்கு. பந்து வலையைத் தாண்ட முதலே தோள் திரும்பியிருக்கவேணும், றக்கெற் கீழ இருந்து மேல போகவேணும், முன்னங்காலுக்கு முன்னால பந்தைச் சந்திக்கவேணும், இதெல்லாம் வேகமான பந்தில ஆருக்கு யோசிக்க நேரம் இருக்கு?

பக்ஹாண்ட், அதாவது இடப்பக்கம் வாற பந்தை அடிக்கிறது, அதைப் பழக்கிற விதம்தான் எனக்கு நல்லாப் பிடிச்சது. வலக்கையை விட்டுட்டு இடக்கையால மட்டும் அடிக்கச் சொல்லுவார், ரெண்டு கைப் பக்ஹாண்டில பந்தைத் தள்ளுற வேலை கூடுதலா இடக்கைக்குத்தானே. பிள்ளை முதல்ல அழுவாரைப்போல நிண்டவள், இப்ப அவளுக்கு போர்ஹாண்டைவிட அதுதான் திறம். சேர்வ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிற அடி, மேலோட்டமாத்தான் காட்டினவை, அது அடுத்த கட்டம் எண்டு விட்டிட்டம்.

குறை எண்டால் பந்துதான். சாதாரண பந்துக்கு மாறின பிறகு தாற பந்துகள் நல்லாத் தேஞ்சு காத்துப் போனது. புதுப் பந்தை 254 சென்ரிமீற்றர் உயரத்தில இருந்து விட்டால் 135க்கு மேல எழும்பவேணும், இதுகள் முழங்காலோட நிண்டிடும். பழகிறவனுக்கு இது சின்ன விசயமில்லை, இடுப்புக்கு வாற பந்தை அடிச்சுத்தான் ஸ்ரோக் படியும், பதிஞ்ச பந்துக்குக் குனிஞ்சு குனிஞ்சு அடிச்சால் பழக்கமே கெட்டுப்போகும். காசு கொஞ்சம் கூட்டி எடுத்தாலும் பரவாயில்லை, கொழும்பில இருந்து நல்ல பந்து எடுப்பியுங்கோ எண்டு நேரவே சொல்லியிருக்கிறன். ஆக்களும் கூடிப்போச்சு, வரிசையில நிக்கிற நேரம் கூட.

சேரப்போற ஆக்கள் உடன றக்கெற் வாங்கவேண்டாம், முதல்ல அங்க இரவல் தருவினம். பிள்ளை வளருவாள்தானே எண்டு 8 வயசுப் பிள்ளைக்குப் பெரியாக்களின்ர 27 இஞ்சி றக்கெற் வாங்கிக் குடுக்காதேங்கோ, உயரத்தைப் பாத்து 23 இல்லாட்டி 25 காணும்.