பொட்காஸ்ட் செவ்வியா, பத்திரிகைப் பத்தியா, மண்டபக் கூட்டமா?

சிறுவர் உளமருத்துவத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தால், அது கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் தமிழ்ப் பெற்றோரிடம் வந்துசேருவது பெரும்பாலும் நாலு வழியில்: பத்திரிகையின் கேள்வி பதில் பகுதி, மண்டபக் கூட்டம், வட்ஸ்அப் குரல்பதிவு, இப்போது பொட்காஸ்ட் செவ்வி. ஆய்வுக் கட்டுரையை நேரே வாசிப்பவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எது நல்லது என்று பார்க்க ஒரே விஷயத்தை எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் 2004இல் டாட்ஸ் ஆய்வின் முடிவு வந்தது. மனச்சோர்வுள்ள 12 முதல் 17 வயதுவரையான 439 பேர், 12 வாரங்கள். புளுவொக்ஸெட்டின் மாத்திரையும் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 வீதமானோர் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் என்றால் 43, மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கு 35. அதே ஆண்டு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்துவிட்டு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இந்த வகை மாத்திரைகளின் உறையில் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது.

இந்த நாலு எண்ணையும் பத்திரிகை அழகாகப் பெட்டி கட்டிப் போடும். அம்மா வெட்டி எடுத்துக் கோப்பில் வைக்கலாம். காதால் கேட்ட எண் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மறந்துவிடும். இதில் பொட்காஸ்டுக்குத் தோல்விதான். ஆனால் கேள்வி பதில் பகுதியில் இடம் கொஞ்சம். "மகன் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை" என்ற கடிதத்துக்குப் பதில் எழுதி முடிக்கும்போது, ஆய்வு முழுவதும் "ஆய்வுகள் கூறுகின்றன" என்று சுருங்கியிருக்கும். எச்சரிக்கைச் செய்தியோ "தற்கொலை அபாயம் இருமடங்கு" என்று தலைப்பாகிவிடும். அது பொய்யுமில்லை.

நல்ல செவ்வியில் அடுத்த கேள்வி வரும். இப்படிப் போகும்:

"இருமடங்கு என்றால், எத்தனையிலிருந்து எத்தனை, டொக்டர்?"

"வெற்று மாத்திரையில் நூற்றுக்கு இரண்டு, மருந்தில் நூற்றுக்கு நாலு."

"அந்தப் பிள்ளைகள் இறந்துபோனார்களா?"

"இல்லை. அந்த ஆய்வுகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. எண்ணமும் முயற்சியும்தான் கணக்கில் வந்தது. அதனால்தான் தொடக்க வாரங்களில் அடிக்கடி கிளினிக்குக் கூப்பிடுகிறோம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்."

நாலே வரி. பயந்து மாத்திரையைக் குப்பையில் போட இருந்த அப்பா இதைக் கேட்டால் போடமாட்டார். பொட்காஸ்டின் பலம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. கட்டுரையை வாசிக்காத ஒருவர் "நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பலமும் போச்சு.

மண்டபத்தில் கேள்வி கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வரிசை பின்னால் இருக்கும்போது யார் தன் பிள்ளையைப் பற்றிக் கேட்பார்? "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை..." என்று தொடங்குவார்கள். உண்மைக் கேள்வி பிளேன் டீ கொடுக்கும் இடத்தில்தான் வரும், அதுவும் வைத்தியர் புறப்படும் நேரத்தில். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஹெட்போன் போட்டவர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. இந்த மறைவு நம் ஆட்களுக்குப் பெரிய உதவி. (சாரதி போடும் பாட்டை மீறிக் கேட்டால்தான்.)

வட்ஸ்அப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வேகம் உண்டு, யார் சொன்னது என்பது இல்லை. ஆனால் பொட்காஸ்டையே யாராவது அரை நிமிடமாக வெட்டி அங்கே போடுவார்கள். அதற்கு முன் தயாரிப்பாளரே துண்டு வெட்டி விடுவது நல்லது, நிபந்தனையும் முடிவும் ஒரே வாக்கியத்தில் வரும்படி.

ஆங்கிலத்தில் இது புதிதல்ல. 1960இலிருந்து ஆய்விதழ் நடத்தும் பிரித்தானியச் சிறுவர் உளநலச் சங்கம், கட்டுரை எழுதியவர்களையே அழைத்துப் பேசும் பொட்காஸ்டை இலவசமாகத் தருகிறது. பயிற்சி வைத்தியருக்கு அது போதும். அதை அப்படியே தமிழாக்கினால் நமக்குப் போதாது. "சிபிடியைத் தமிழில் செய்பவர் கொழும்பில் எங்கே இருக்கிறார்? ரியூசன் நேரத்தோடு அது ஒத்துவருமா?" என்று லண்டனில் யாரும் கேட்கப்போவதில்லை.

செவ்வியில் எனக்கு இரண்டு பயம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆய்வாளர் தன் ஆய்வைக் குறைத்துச் சொல்லமாட்டார். ஆகவே நோயாளிகளைத் தினமும் பார்க்கும் உள்ளூர் வைத்தியர் ஒருவரையும் பக்கத்தில் இருத்த வேண்டும். மற்றது, பேச்சுவாக்கில் வரும் நோயாளி கதை. கொழும்புத் தமிழ் வட்டாரம் சிறியது. வயது, பள்ளிக்கூடம், லேன் மூன்றையும் சொன்னால் பிள்ளையின் பெயரைச் சொன்ன மாதிரித்தான். பத்திரிகையில் ஆசிரியர் வெட்டிவிடுவார், ஒலிப்பதிவில் கவனிக்க ஆள் வேண்டும்.

என் தெரிவு இருபது நிமிடத் தமிழ்ச் செவ்வி. எண்களை மட்டும் கீழே எழுத்தில் போடுங்கள், பத்திரிகைக்கும் அதையே கொடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ முடிவில் வைக்காமல் நடுவிலேயே சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் கேட்பவர் பாதியில் இறங்கிவிடுவார்.