பழைய எக்ஸ்பி சிஸ்டம் வெச்சிருக்கீங்களா? 6,800 ரூபாய் போன கதையைப் படிச்சிடுங்க

பெங்களூர் ஸ்ரீராமபுரத்துல மாமாவோட ஸ்டிக்கர் கட்டிங் கடை. பிளாட்டர், அதாவது ஸ்டிக்கர் வெட்டுற மெஷினோட சாஃப்ட்வேர், விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி ஓடாதுங்கறதால, ஹெச்61ங்கற பழைய மதர்போர்டு போட்ட சிஸ்டம் ஒண்ணு அதுக்குன்னே கிடக்கு. ஒருநாள் காலையில ஆன் பண்ணினா நீலத் திரை. கடைசியில 7பின்னு முடியிற கோட்.

ஆப்ல புக் பண்ணினா ஆள் அனுப்புற கம்பெனி ஒண்ணைக் கூப்பிட்டார். வந்தவன் தமிழ்ப் பையன். “நானும் ஓசூர்ப் பக்கம்தான்ணா, நம்ம ஆளுங்களையே ஏமாத்துவேனா?” அந்த ஒரு பேச்சுல மாமா விழுந்துட்டார். கேபினட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே “டிஸ்க் போயிடுச்சுண்ணா”ன்னு தீர்ப்பு!

புது ஹார்டுடிஸ்க் 3,200, எக்ஸ்பி போட 1,500, டேட்டா எடுக்க 1,500, விசிட் 600. மொத்தம் 6,800.

மறுநாள் காலையில அதே நீலத் திரை, அதே 7பி.

கம்பெனிக்கு ஃபோன் பண்ணினா, “இது வேற கம்ப்ளெயின்ட் சார், புது விசிட் சார்ஜ் ஆகும்.” விடாம கேட்டா, “மைக்ரோசாஃப்டே 2014-ல எக்ஸ்பியைக் கைவிட்டுட்டாங்க, நாங்க என்ன பண்றது?” எக்ஸ்பி போட 1,500 வாங்கும்போது 2014 ஞாபகம் வரலையா? சாயங்காலம் பார்த்தா ஆப்ல ‘தீர்ந்தது’ன்னு கம்ப்ளெயின்டையே மூடிட்டாங்க.

அப்புறம் நான் பார்த்தேன், வியாதி இதுதான். போர்டுல இருக்கிற சிஆர்2032 காயின் பேட்டரி செத்துப்போச்சு. மல்டிமீட்டர்ல 2.1 வோல்ட், புதுசுன்னா 3-க்கு மேல காட்டணும். பிளக்குல கரண்ட் இருக்கிற வரைக்கும் பவர் சப்ளையோட ஸ்டாண்ட்பை கரண்டே பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டோட அடிப்படை புரோகிராம்) செட்டிங்கைக் காப்பாத்தும். அது இல்லாதப்போ இந்த பேட்டரிதான் காப்பாத்தணும். கடையில ராத்திரி மெயினை அணைச்சுட்டுப் போறாங்க, செட்டிங் எல்லாம் அழிஞ்சுடுது. இந்த போர்டு டீஃபால்ட்டுக்குத் திரும்பினா சாட்டா மோடு (டிஸ்க்கோட போர்டு பேசுற முறை) பழைய ஐடிஇ-லேர்ந்து புது முறையான ஏஹெச்சிஐ ஆயிடும். ஐடிஇ மோடுல போட்ட எக்ஸ்பிகிட்ட ஏஹெச்சிஐக்கான டிரைவர் சாஃப்ட்வேர் கிடையாது. டிஸ்க் கண்ணுக்கே தெரியாம 7பின்னு விழுந்துடும். திரையில தேதி 2011 ஜனவரின்னு நின்னுச்சு, அதைப் பார்த்திருந்தாலே விஷயம் புரிஞ்சிருக்கும். அவன் புது டிஸ்க்குல எக்ஸ்பி போட்டான், செத்த பேட்டரியைத் தொடவே இல்லை.

புது பேட்டரி வாங்கி, பிளக்கைக் கழட்டிட்டு, பிளஸ் பக்கம் மேல வர்ற மாதிரி மாட்டி, டெலிட் கீயைத் தட்டி பயாஸ்ல நுழைஞ்சு, தேதியைச் சரி பண்ணி, சாட்டா மோடை ஐடிஇ ஆக்கி, எஃப்10-ல சேவ் பண்ணினா, மாமாவோட பழைய டிஸ்க் அப்படியே எழுந்து வந்துச்சு, டிசைன் ஃபைல் ஒண்ணுகூடப் போகலை. டிஸ்க் தன்னோட ஆரோக்கியத்தைத் தானே சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல கெட்ட செக்டரே (பழுதான இடமே) இல்லை. ‘புதுசு’ன்னு 3,200-க்குக் குடுத்த டிஸ்க்தான் 31,000 மணி நேரம் ஓடின பழசு! நூறு ரூபாய்க்குள்ள முடியிற வேலைக்கு 6,800.

அவசரமா சிலது சொல்லிடறேன். நீலத் திரை கண்ணிமைக்கற நேரத்துல மறைஞ்சா, எஃப்8 தட்டி ஆட்டோ ரீஸ்டார்ட்டை நிறுத்துங்க, கோடை ஃபோட்டோ எடுங்க. தேதி பின்னாடி போயிருந்தா முதல்ல பேட்டரி. சிஸ்டம் நல்லா இருக்கும்போதே பயாஸ் திரையை எல்லாம் ஃபோட்டோ எடுத்து வைங்க. பழைய மெஷின்களை மாட்டுற காம் போர்ட், பேரலல் போர்ட் செட்டிங்கும் சேர்ந்தேதான் அழியும். கழட்டின டிஸ்க்கை யாருக்கும் குடுத்துடாதீங்க. மாமா சண்டை போட்டுத்தான் அதைத் திரும்ப வாங்கினார்.