எட்டு ஆள் வேலை பார்த்தும் இறங்கிப்போன முற்றம்: பேவர் பிளாக் போடுகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டு முன்புறம் பேவர் பிளாக், ஓரத்தில் கொஞ்சம் புல்தரை என்று வேலை கொடுக்கப் போகிறீர்களா? ரேட் பேசுமுன் எத்தனை ஆள், எந்த நாள், எதற்கு என்று பேசுங்கள். கோவைப் பக்கம் 1,000 சதுர அடி முற்றம் ஒன்று இரண்டே மழையில் இறங்கிவிட்டது. கார் டயர் நிற்கும் இரண்டு வரிசையிலும் ஒரு அங்குலப் பள்ளம். கல்லில் குறையில்லை. 60 மி.மீ. கனம், எம்35 தரம் (கான்கிரீட்டின் வலிமை அளவு), வீட்டுக் காருக்குத் தாராளம். மோசடி ஆள் கணக்கில்தான்.

நாள் கூலிக்குப் பேசி, முதல் நாளே எட்டுப் பேரை இறக்கினார் கான்ட்ராக்டர். கல் 60, மணல் 40, அடித்தளம் 150 மி.மீ. சேர்த்தால் தோண்ட வேண்டியது பத்து அங்குலம், அதாவது 830 கன அடி மண். அதை ஜேசிபி அரை நாளில் எடுத்துவிட்டது. ஓரம் செதுக்க இரண்டு பேர் போதும், மற்ற ஆறு பேரும் நிழலில் நின்று கூலி வாங்கினார்கள். அடுத்த நாள் அடித்தளத்துக்கு வெட்மிக்ஸ், அதாவது ஜல்லியும் தூளும் தண்ணீரோடு கலந்த கலவை. மூன்று மூன்று அங்குலமாக இரண்டு அடுக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் பிளேட் கம்பாக்டரால் (அதிர்ந்து அமுக்கும் தட்டு மெஷின்) அடிக்க வேண்டும். மெஷின் ஒன்று, அதை ஓட்டுகிறவர் ஒருவர். எட்டுப் பேர் இருந்தாலும் வேகம் கூடாது. மெஷினுக்கு ஒரு நாள் வாடகைதான் கொடுத்தார்கள். அதனால் ஆறு அங்குலத்தையும் ஒரே கொட்டாகக் கொட்டி மேலோட்டமாக அடித்தார்கள். ஆள் கூலியில் கான்ட்ராக்டருக்குக் கமிஷன் உண்டு, மெஷின் வாடகையில் கிடையாது. விஷயம் இவ்வளவுதான்.

பிறகு பதிப்பு. மூன்று பேர் மூன்று பக்கமிருந்து தொடங்கினால், நூல் கட்டிப் பதிக்கும் வரிசைகள் நடுவில் சேராது. இடைவெளியில் வெட்டுத்துண்டு சொருக வேண்டிவரும். அங்கே அதுதான் நடந்தது. பாதி வேலையில் பெரும்பணம் கைமாறியதும் ஆறு பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரால், மட்டம் இழுத்து வைத்த மணலை அன்றே கல்லால் மூட முடியவில்லை. இரவு மழை. நனைந்து இறுகிய அந்த மணலை வாரி எடுக்காமல், அதன் மேலேயே பதித்தார்கள். கல்லை எடுத்துப் பார்த்தபோது சில இடத்தில் மணல் மூன்று அங்குலம். அடித்தளத்தின் மேடுபள்ளத்தை மணலால் சரிக்கட்டியிருந்தார்கள்.

சரியான கணக்கு எப்படி வருகிறது? 60 மி.மீ. கல் சதுர மீட்டருக்குச் சுமார் 138 கிலோ. 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 13 டன். ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இந்தச் சுமைதான். பதிக்கிற மேஸ்திரி ஒருவர், கல் எடுத்துக் கொடுக்கும் பெரியாள் இருவர், மணல் கொட்டி மட்டம் இழுக்க ஒருவர், ஓரம் வெட்ட ஒருவர், ஆக ஐந்து பேர். கல் அடுக்கியிருக்கும் இடம் 30 அடிக்குள் இருந்தால் இந்த ஐந்து பேர் ஒரு நாளில் 400 முதல் 500 சதுர அடி முடிப்பார்கள். லாரி உள்ளே வராமல் தெருவிலேயே இறக்கினால் சுமக்க இன்னும் இருவர் வேண்டும். மேஸ்திரியைக் கூட்டக் கூடாது.

ஆள் நாளாகப் பாருங்கள், ஒரு ஆளின் ஒரு நாள் வேலை ஒரு ஆள் நாள். தோண்டுகிற நாள் இரண்டு பேர். அடித்தளமும் ஓரக்கல்லும் நான்கு பேர், இரண்டு நாள். பதிப்பு ஐந்து பேர், மூன்று நாள். கல் இடுக்கில் நிரப்பும் மூட்டு மணல், சுத்தம் மூன்று பேர், ஒரு நாள். மொத்தம் 28. எட்டுப் பேர் ஏழு நாள் என்று பில் வந்தால் 56, சரியாக இரு மடங்கு. ஓரக்கல்லுக்குப் போட்ட கான்கிரீட் இறுகும் நாட்களில் யாருமே வர வேண்டாம். அந்த நாளுக்கும் அட்டெண்டன்ஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சதுர அடி ரேட்டில் இதற்கு நேர் எதிர். மொத்த வேலைக்கும் இரண்டே பேரை அனுப்புவார்கள். சின்ன முற்றத்துக்குக்கூட மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஆள் குறைந்தால் முதலில் கைவிடப்படுவது கம்பாக்டரால் அடிப்பது, அடுத்தது ஓரத்துக்குக் கல்லை வெட்டுவது. ஓரத்தில் வெட்டுக்கல் இல்லாமல் சிமென்ட் கலவை பூசியிருந்தால் அதுதான் அடையாளம். அந்தக் கலவை சீக்கிரமே விரிசல் விட்டுப் பெயரும். எம்சாண்டுக்குப் பதில் கிரஷர் டஸ்ட் பரப்புவதும் இதே ஆட்கள்தான். அந்தத் தூள் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கல்லை ஆட வைக்கும்.

புல்தரைக்குத் தனி ஆட்கள், இரண்டு பேர். கம்பாக்டர் வெளியே போன பிறகே வர வேண்டும். கல் வேலை நடக்கும்போதே புல் லோடை இறக்கினால் அடுக்கிலேயே வெந்து மஞ்சளாகும். பிறகு “தண்ணீர் விடுங்க சார், பிடிச்சிரும்” என்பார்கள். புல்லுக்குத் தண்ணீர் கொண்டுபோக அடித்தளத்துக்குக் கீழே இரண்டு அங்குல பிவிசி பைப் முன்கூட்டியே போகட்டும்.

எழுதி வாங்க வேண்டியவை: நாள்வாரியாக ஆள் எண்ணிக்கை, கம்பாக்டர் நாட்கள் குறைந்தது மூன்று, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) பத்தடிக்கு இரண்டு அங்குலம். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். மணல் பரப்புமுன் கல் ஏற்றிய தள்ளுவண்டியை அடித்தளத்தில் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தடம் பதிந்தால் அடுத்த தவணை கிடையாது. பதித்த பிறகு எங்காவது ஒரு கல்லைக் கிளப்பி ஸ்கேல் வையுங்கள். மணல் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பகுதியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கல் வீணாகாது, அதையே திரும்பப் பதிக்கலாம். முதல் பெருமழைக்குப் பின் மூட்டு மணல் கீழே இறங்கும். அதை மறுபடி நிரப்ப ஒரு ஆளுக்கு அரை நாள் போதும் என்றாலும், பணம் முழுதாகக் கைக்கு வந்துவிட்டால் அந்த ஒரு ஆள் வரமாட்டார். பத்து சதவீதத்தை அதுவரை பிடித்து வையுங்கள்.